மாறக்கூடாத இடத்தில் ஓர் எழுத்து

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கிணற்றில் செத்தால், காவல் நிலையத்துக் காகிதத்தில் அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். தீராத வயிற்றுவலி, தாங்க முடியாமல் குதித்துவிட்டாள். அந்த ஒரு வரியில் எல்லோருக்கும் நிம்மதி. வீட்டுக்காரர்களுக்கு அலைச்சல் இல்லை, போலீசுக்கு வேலை இல்லை. ஊர் அந்தக் காகிதத்தை நம்புவதுமில்லை. காதல், கர்ப்பம் என்று அவரவர் இஷ்டத்துக்குப் பேசிக்கொள்ளும்.

என் அக்கா மல்லிகாவுக்கும் அந்த வயிற்றுவலி வந்தது. அவளுக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்து. ஒடுகத்தூர் பக்கம், மலையடியில் எங்கள் ஊர். கிணற்று மேட்டில் என்னை உட்கார வைத்து ஏட்டு கேட்டார்.

"அக்கா வயித்து வலின்னு சொல்லிக்கினு இருந்துச்சா பாப்பா?"

அம்மா பின்னால் நின்று என் தோளை அழுத்தினாள். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்கு முப்பத்தொரு வருடம் கழித்து வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் நான் பதில் சொல்ல வேண்டி வந்தது. அதற்குள் என் மகளின் உயிர் அதில் மாட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தோல் பார்க்கிற வேலை. மேசை மேல் தோலை விரித்து, கையால் தடவி, குறை இருக்கிற இடத்தில் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட வேண்டும். பதினெட்டு வருடமாக அதுதான் என் பிழைப்பு.

போன வருடம் ஜூலையில் எனக்குத் தொண்டை வலி. டாக்டரிடம் போக நேரமில்லை. தெருமுனை மருந்துக் கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். அதோடு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வேறு. மூன்றாம் நாள் காலை கம்பெனி பஸ் கிளம்பிவிட்டது. "ஏய், நிறுத்து!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பஸ்ஸின் பின்பக்கத்து எண் வரைக்கும்தான் நினைவிருக்கிறது.

மிச்சத்தை ஷாகிரா அக்கா சொல்லித்தான் தெரியும். அவர் எங்கள் லைனுக்கு சூப்பர்வைசர். வெளிநாட்டு பையர்கள் ஆடிட்டுக்கு வருவார்கள் என்று கம்பெனியில் வருடத்துக்கு ஒரு முறை முதலுதவிப் பயிற்சி கொடுப்பார்கள். ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சைக் குத்த வேண்டும். நாங்கள் சிரித்துக்கொண்டே குத்துவோம். அன்று ஷாகிரா அக்கா பஸ்ஸிலிருந்து குதித்து, நடுரோட்டில் என் நெஞ்சைக் குத்தியிருக்கிறார். ஆம்புலன்சில் ஒரு முறை கரண்ட் வைத்திருக்கிறார்கள். நான் கண் விழித்த மறுநாள் டிபன் பாக்ஸில் கஞ்சியோடு வந்து நின்றார்.

"மூணு வருஷமா அந்த பொம்மையக் குத்துனோம். கடைசில நீயே பொம்மையா ஆய்ட்டே. ரொம்ப பேஜார் பண்ணிட்டே செல்வி."

"விலா எலும்பு வலிக்குது அக்கா."

"வலிக்கட்டும். வலிச்சா உசுரு கீதுன்னு அர்த்தம்."

இப்படித்தான் வேலூருக்கு வந்து சேர்ந்தேன். நோய் என்னவென்று கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆனது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மயக்கம் வரும். பள்ளியில் ஓடும்போது ஒரு முறை, யாரோ பின்னாலிருந்து பயமுறுத்தியபோது ஒரு முறை. எல்லோரும் வலிப்பு என்றார்கள். இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். ஒன்பது வருடம் வலிப்பு மாத்திரை சாப்பிட்டேன். என் மூளையில் ஒன்றுமில்லை. அந்த ஒன்பது வருடத்தில் ஒருத்தர்கூட என் நெஞ்சில் ஒரு ஈசிஜி எடுக்கவில்லை.

இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு தன்னைத் தயார் செய்துகொள்ள ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கணம் எனக்கு நீளம். ஈசிஜி காகிதத்தில் க்யூ என்ற புள்ளியிலிருந்து டி என்ற மேடு முடியும் வரை அளப்பார்கள். அது நீண்டிருந்தால் நீண்ட க்யூடி. தயாராகாத இதயத்தின் மேல் அடுத்த துடிப்பு வந்து விழுந்தால் அது துடிக்காமல் உதறத் தொடங்கிவிடும். உதறினால் ரத்தம் போகாது. சில வினாடிகளில் நினைவு போய்விடும். தானாக நின்றால் பிழைப்போம், நிற்காவிட்டால் இல்லை.

ஆனால் டாக்டர்களுக்குச் சந்தேகம் இருந்தது. நான் போட்ட மாத்திரையே அந்த நேரத்தை நீட்டுமாம். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இறங்கினாலும் நீளுமாம். உடம்பு தேறியதும் என் ஈசிஜி ஓரளவு சரியாகிவிட்டது. "பிறவியிலேயே இருக்கா, இல்ல மாத்திரையால வந்ததான்னு பாக்கணும்" என்றார்கள். பிறவி என்றால் மகளுக்கும் வந்திருக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மகள் நிவேதா ஒன்பதாம் வகுப்பு. நானூறு மீட்டர் ஓடுகிறவள். மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள்.

மருத்துவமனைக் கூடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே பாதி வேலூரைத் தெரிந்துகொண்டேன். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்தவர்கள் தலையணையோடு காத்திருப்பார்கள். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவர்களுக்குத் தெரியாது. எண் கூப்பிட்டால் ஒருவர் காகிதத்தை இன்னொருவர் பார்த்துத் தோளைத் தட்டி எழுப்புவோம். என் புருஷன் குமரேசன் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறார். ஷிப்டு முடிந்து இரண்டு பஸ் மாறி வருவார். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை கையை விட்டுப் போகாது. வார்டில் மற்றவர்கள் முகம் சுளிப்பார்களென்று எனக்குக் கையால் ஊட்ட மாட்டார். ஸ்பூனின் வால்நுனியைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி தூரத்திலிருந்து நீட்டுவார். பில் கட்டிய கதையை எழுதப்போவதில்லை. எல்லார் வீட்டிலும் அதே கதைதான்.

வீட்டுக்கு அனுப்பும் முன் மரபணுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். சின்ன அறை. கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா. அவர் காகிதத்தில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்கள் மேல் குறுக்கே ஒரு கோடு.

"சின்ன வயசுல யாராவது இறந்திருக்காங்களா?"

"அக்கா. பதினேழு வயசுல."

"எப்படி?"

"வயித்து வலி."

யோசிக்கவே இல்லை. முப்பத்தொரு வருடப் பழக்கம். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன், புருஷனிடம் சொல்லியிருக்கிறேன், மகளிடம் சொல்லியிருக்கிறேன். அவர் அக்காவின் வட்டத்துக்குக் கீழே இரண்டு வார்த்தை எழுதினார். பிறகு என்னிடம் ரத்தம் எடுத்தார்கள். நிவேதாவுக்கு ஈசிஜி எடுத்தார்கள், சரியாக இருந்தது. ஆனால் இந்த நோய் உள்ள எத்தனையோ பேருக்குச் சும்மா இருக்கும்போது ஈசிஜி சரியாகத்தான் இருக்குமாம்.

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. "அர்த்தம் உறுதியாகாத மாற்றம்." படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா மேடம் இது? இருக்குன்னு சொல்லுங்க, இல்ல இல்லன்னு சொல்லுங்க."

அவர் கோபப்படவில்லை. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

இதயத்தின் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியே போக ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசல் ஒரு புரதம். அறுநூற்றுச் சொச்சம் மணிகள் கோத்த சரம் மாதிரி. ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஆங்கில எழுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். திரையில் அந்த எழுத்துகள் வரிவரியாக நின்றன.

"மேல இருக்கிறது மனுஷன். அடுத்தது எலி. மாடு, கோழி, தவளை, மீன், ஈ. அதே மாதிரி வாசல் பாக்டீரியாவுலகூட இருக்கு, கடைசி வரி அதுதான். எல்லாத்தையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கிட்டு, எங்க மாறியிருக்கு, எங்க மாறலன்னு பாப்போம்."

ஓரங்களில் எழுத்துகள் இஷ்டத்துக்கு மாறியிருந்தன. நடுவில் ஒரு துண்டு மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே எழுத்துகள். ஜி, ஒய், ஜி. அதற்கு நாலு எழுத்து தள்ளி பி. மனுஷனுக்கும் பி, மீனுக்கும் பி, பாக்டீரியாவுக்கும் பி. தனியாக என் வரியைச் சேர்த்திருந்தார்கள். என்னிடம் அந்த இடத்தில் எல்.

"மாடுகூடவா மேடம்?"

"மாடும்தான்."

"மாட்டுத் தோல்தான் நாங்க வெட்றது. வயித்துப் பக்கம் தழும்பு இருந்தா பரவால்ல, உள்ள லைனிங்குல போட்டு மறைச்சிடலாம். முதுகுப் பக்கத்துலேர்ந்துதான் ஷூவோட முன்பக்கம் வெட்டுவோம். காலு மடங்குற எடம் அது. அங்க ஊசி முனை அளவு குறை இருந்தாலும் நான் விட மாட்டேன்."

டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார். "அதேதான். எந்த வேலைக்கு இந்தத் துண்டு இருக்கோ, அந்த வேலை கெட்டா உயிர் தங்காது. அதனால கோடிக்கணக்கான வருஷமா எந்த உயிரும் இதை மாத்திக்கல. மாறினதுங்க பிழைச்சு நம்ம வரைக்கும் வரல. இந்த மாதிரி ஒரு வேலைக்குன்னு மாறாம வர்ற துண்டை டொமைன்னு சொல்லுவோம்."

"அப்ப என்னுது ரிஜெக்ட்தானே?"

"எடம் மோசமான எடம். ஆனா இந்த எழுத்து இப்படி மாறின ஆளை நாங்க இதுவரைக்கும் எந்தப் பதிவுலயும் பாக்கல. எடத்தை மட்டும் வெச்சுத் தீர்ப்பு எழுதக் கூடாது. தப்பா எழுதிட்டா உங்க பொண்ணு ஒண்ணுமில்லாததுக்கு வாழ்க்கை முழுக்க மாத்திரை சாப்பிடுவா. இப்ப அவ ரத்தத்தைப் பாத்தாலும், வர்ற பதிலை வெச்சு என்ன பண்றதுன்னு எனக்கே தெரியாது. குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி நடந்திருந்தா அது பெரிய ஆதாரம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வாசல் கெட்டவங்களுக்குப் பெரும்பாலும் ஓடும்போது வரும். முக்கியமா நீந்தும்போது. உங்க குடும்பத்துல, நல்லா நீச்சல் தெரிஞ்சவங்க யாராவது தண்ணியில இறந்திருக்காங்களா?"

அந்த அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. என் முதுகில் ஈரத் தலைமுடி ஒட்டின மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

"இல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை நானே என்னைக் கேட்கிறேன். ஆமாம் என்றால் கிணறு என்று எழுதுவார்கள். கிணறு என்றால் குதித்தாள் என்றுதான் படிப்பார்கள். அது கம்ப்யூட்டரில் ஏறும், நாளைக்கு நிவேதாவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது யார் வாயிலாவது வரும். இதெல்லாம் சாக்கு. உண்மை வேறு. அக்கா குதிக்கவில்லை என்றால், அவள் மேல் முப்பத்தொரு வருடம் நாங்கள் போட்ட பழி பொய். அந்தப் பொய்யைத் தலையாட்டி ஆரம்பித்து வைத்தது நான். அதை அந்த ஒரு நிமிடத்தில் என்னால் தூக்க முடியவில்லை.

"சரி, கொஞ்ச நாள் பொண்ணோட ஓட்டத்தை நிறுத்தி வெச்சா நல்லது. கட்டாயப்படுத்த என்கிட்ட ஆதாரமில்ல" என்றார் டாக்டரம்மா.

எங்கள் கம்பெனியில் உறுதியாகத் தெரியாத லாட்டுக்கு 'ஹோல்ட்' என்று மஞ்சள் சீட்டு ஒட்டுவோம். மாசக் கடைசியில் கன்டெய்னர் கிளம்பும்போது அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டுச் சரக்கை ஏற்றிவிடுவார்கள். ஹோல்ட் என்றால் எங்கள் ஊரில் பாஸ் என்று அர்த்தம். என் புத்தியும் அப்படித்தான் போனது. 'உறுதியாகல'ன்னா ஒண்ணுமில்லன்னுதானே? நிவேதாவிடம், "டாக்டரே பெருசா ஒண்ணும் சொல்லலடி" என்றேன். அவள் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினாள். இரண்டு மாதம், தினமும் காலை ஆறு மணிக்கு.

அந்த இரண்டு மாதமும் அக்கா என் வீட்டில் இருந்தாள். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. குழாயடியில் குடம் வைத்தால் பக்கத்தில் ஈரப் பாதம் தெரிந்த மாதிரி இருக்கும். மேசையில் தோல் விரித்தால் அந்தப் பளபளப்பில் கிணற்றுத் தண்ணீர் தெரியும். பகலிலேயே. வேலையில் மூன்று முறை தவறு விட்டேன். பதினெட்டு வருடத்தில் விடாதது. ஷாகிரா அக்கா மெமோ கொடுக்காமல் என்னைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனார்.

"இன்னாடி ஆச்சு உனக்கு? யாரப் பாத்துக்கினு இருக்கே?"

"எங்க அக்காவ."

"செத்தவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உசுரோட கீற நாமதான் ஜாஸ்தி பண்ணுவோம்" என்று டீயை நகர்த்தினார். அவரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை நிவேதா பயிற்சி முடிந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள். "ஓடி முடிச்சதும் கண்ணு இருட்டிக்கினு வந்துச்சும்மா. கீழ வுழுந்துட்டேன். சார் தண்ணி தெளிச்சாரு. காலைல சாப்புடாததால."

அவள் முழங்காலில் சிராய்ப்பு இருந்தது. மண்ணைத் தட்டிவிட்டேன். ஷூவை எடுத்துப் பரண்மேல் வீசினேன். அவள் கத்தினாள். நான் திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டரம்மாவின் அன்றைய பட்டியலில் என் பெயர் இல்லை. மதியம் வரை கதவருகே நின்றேன். கடைசியில் கூப்பிட்டார்.

"நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். "எங்க அக்கா வயித்து வலில சாவல. கிணத்துல செத்தா. நீச்சல் நல்லாத் தெரியும். எங்க ஊர்ல பசங்களையே தோக்கடிப்பா. நீச்சல் தெரிஞ்சவ முழுகுவாளான்னு சொல்லித்தான் குதிச்சிட்டான்னாங்க. அவ குதிக்கல. நீந்திக்கினு இருந்தா. நான் மேட்டுல உக்காந்து பாத்தேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய காகிதத்தை எடுத்து, வயிற்று வலி என்ற இரண்டு வார்த்தையை ஒரே கோட்டில் அடித்தார். பக்கத்தில், நீந்தும்போது திடீர் மரணம் என்று எழுதினார். பிறகு கேட்டார்.

"அவங்க பேரு என்ன?"

"மல்லிகா."

அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருடம் ஆனது என்று தெரியவில்லை.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. என்னை ட்ரெட்மில் என்கிற ஓடும் பட்டையில் ஏற்றி, வேகமாக நடக்க வைத்து, நிறுத்தியதும் ஈசிஜி எடுத்தார்கள். இறங்கிய பிறகு அந்த க்யூடி நேரம் அளவோடு இருக்க வேண்டும், எனக்கு அளவு மீறி நீண்டது. என் சின்ன வயது மயக்கங்கள், அக்காவின் சாவு, இந்த ஈசிஜி, அந்த எழுத்து நிற்கும் இடம், எல்லாவற்றையும் சேர்த்துக் குழுவாக உட்கார்ந்து பார்த்தார்கள். 'அர்த்தம் உறுதியாகாத' என்பதை எடுத்துவிட்டு, 'பெரும்பாலும் நோய் தரக்கூடியது' என்று மாற்றி எழுதினார்கள். இப்போது ரத்தம் பார்க்கலாம். அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்தேன். அம்மாவிடமும் நிவேதாவிடமும் ஒரே காலையில் ரத்தம் எடுத்தார்கள். எதற்கென்று அம்மாவிடம் சரியாகச் சொல்லவில்லை. சுகர் டெஸ்ட் என்றேன். பொய் எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

முடிவு நாளன்று நானும் குமரேசனும் போனோம். அம்மாவிடம் அந்த எழுத்து சரியாக இருந்தது. அப்படியென்றால் அது அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். அவர் போய் எட்டு வருடமாகிறது.

"நிவேதா?" என்றார் குமரேசன்.

டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பவில்லை. "அவகிட்டயும் இருக்கு" என்றார்.

குமரேசன் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். நானும் அவளும் இதயத்தின் வேகத்தை அடக்கும் மாத்திரை தினமும் சாப்பிட வேண்டும். ஒரு வேளைகூட விடக் கூடாது. போட்டியில் ஓடக் கூடாது, தண்ணீரில் இறங்கக் கூடாது, மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கவே கூடாது. சரியாகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்கள் நல்லபடியாக வாழ்கிறார்கள். மாத்திரையை விடுகிறவர்களைத்தான் இழக்கிறோம்.

நிவேதா மாத்திரையை விட்டாள். மூன்றாவது வாரம் அவள் பென்சில் டப்பாவில் காகிதத்தில் சுற்றிய பதினோரு மாத்திரைகள் கிடைத்தன. கேட்டதற்கு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. ஈசிஜி நார்மல்னு அவங்களே சொன்னாங்க. அத்தப் போட்டா கை காலெல்லாம் சோந்து போவுது. ஒரு எழுத்துக்கோசரம் சாவுற வரைக்கும் மாத்திரையா? நீதான் முதல்ல ஒண்ணுமில்லன்னே. இப்ப கீதுங்கிறே. எத நம்பறது?"

அறைந்துவிடக் கை ஓங்கினேன். பாதியில் இறக்கிவிட்டேன். குமரேசன் கெஞ்சிப் பார்த்தார். ஷாகிரா அக்கா வந்து கொஞ்சிப் பார்த்தார். என் முன்னால் வாயில் போடுவாள், பிறகு போய்த் துப்புவாள். பள்ளிக்கூடத்தில் மாடி ஏறுகிறாளா, யாராவது துரத்தி விளையாடுகிறார்களா என்று ஒவ்வொரு மணி நேரமும் நான் தொழிற்சாலையில் செத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளை இழுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மாவிடம் ரத்த முடிவைச் சொல்ல வேண்டியிருந்தது. இனிமேலும் மறைத்தால் நான் மனுஷியில்லை.

அம்மா வீட்டுக்குள் முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நிவேதா மூலையில் காதில் வயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் நின்றபடியே சொன்னேன்.

"அன்னைக்கி எடுத்தது சுகர் டெஸ்ட் இல்லம்மா. எனக்கும் இவளுக்கும் நெஞ்சுல ஒரு நோவு கீது. பொறவியிலேயே. உன் ரத்தத்துல இல்ல. அப்பா கிட்டேர்ந்து வந்திருக்கு. மல்லிகாவுக்கும் அதான் இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. நீந்தும்போது வருமாம்."

மல்லிகா என்றதும் அம்மாவின் கை நின்றது.

"அவரு அடிச்சாரே" என்றாள்.

அன்று காலையில் அப்பா அக்காவை அறைந்திருந்தார். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறேன் என்றாள், அதற்கு. அறை வாங்கியவள் குடத்தோடு கிணற்றுக்குப் போனாள். அதனால் குதித்தாள் என்று ஊர் சொன்னது. அம்மாவும் அதையே நம்பினாள்.

"அந்த அடிக்கும் அவ செத்ததுக்கும் சம்பந்தமில்லம்மா."

"நெசமா?"

"நூத்துக்கு நூறுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அவ ரத்தம் நம்மகிட்ட இல்லியே. ஆனா டாக்டர் அப்படித்தான் நெனைக்கிறாங்க. நானும்."

அம்மா உரித்த மல்லாட்டையைத் தோலோடு சேர்த்துக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது தெரியவில்லை.

"இருவத்தி மூணு வருஷம் அந்தாளுக்கு சோத்த வெச்சிட்டு மூஞ்சியத் திருப்பிக்கினேன். சாவுற அன்னிக்கி என்னக் கூப்புட்டாரு. 'நானாடி அவளக் கொன்னேன்'னு கேட்டாரு." அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஆமான்னு சொன்னேன்."

அவள் அழவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்காரவும் இல்லை. எனக்கு அவள் மேலும் கோபம். என் தோளை அழுத்திய கை அது.

நிவேதா காதிலிருந்து வயரை எடுத்துவிட்டிருந்தாள். எப்போது எடுத்தாள் என்று தெரியாது.

"பெரிம்மா கிணத்துலயா செத்தாங்க? வயித்து வலின்னே?"

"பொய் சொன்னேன்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"கத்துனாங்களா?"

"இல்ல." நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "மோட்டார் ரூம் சுவத்துலேர்ந்து குதிச்சா. தினமும் அங்கேர்ந்துதான் குதிப்பா. தண்ணிக்கு மேல வந்து என்னப் பாத்து சிரிச்சா. கன்னத்துல அப்பாவோட வெரல் இருந்துச்சி, ஆனாலும் சிரிச்சா. 'எண்ணுடி'ன்னா. கிணத்த ஒரு சுத்து சுத்தி வர எவ்ளோ ஆவுதுன்னு நான் எண்ணுவேன், அது எங்க வெளாட்டு. பத்தொம்பது எண்றேன், நடுவுல அவ கை அப்படியே நின்னுடுச்சி. ஒதைக்கல, தவிக்கல. லைட்ட ஆஃப் பண்ணாப்பல. மூஞ்சி தண்ணிக்குள்ள போச்சி. வெளாட்றான்னு நெனச்சி நான் எண்ணிக்கினே இருந்தேன்."

"எவ்ளோ வரைக்கும்?"

"நூத்தி அறுவது."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. போலீசிடம், அம்மாவிடம், புருஷனிடம், டாக்டரிடம்கூட அந்த எண்ணை மட்டும் சொல்லவில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதுக்கு முன்ன நிறுத்திட்டு ஓடியிருந்தா?" என்றாள் நிவேதா.

"தெரியல. ஷாகிரா அக்கா மாதிரி யாருனா இருந்திருந்தா, ஒருவேள."

வெளியே யாரோ மோட்டார் போட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிவேதா தன் முழங்காலைத் தடவிப் பார்த்தாள். சிராய்ப்பு ஆறித் தழும்பாகியிருந்தது. பிறகு பையை இழுத்து, உள்ளே துழாவி, மாத்திரை அட்டையை எடுத்தாள். நேற்றையதும் இன்றையதும் அப்படியே இருந்தன. ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் என் அம்மா பக்கம் திரும்பினாள்.

"ஆயா, தண்ணி குடு" என்றாள்.